கவச உடைக்குள் ஒரு மாணவி இருந்தாள்

(கேமரன் மலை, தானா ராத்தாவில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

மேடையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவர் ஐயா அவர்களே, என்னோடு கருத்துரைக்க வந்திருக்கும் நண்பர்களே, சாரலையும் குளிரையும் பொருட்படுத்தாமல் ரிங்லெட்டிலிருந்தும் பிரிஞ்சாங்கிலிருந்தும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வழக்கமாக நான் மற்றவர்களைப் பேசச் சொல்லி ஒலிவாங்கியை நீட்டுகிறவள். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். பேச்சில் பிசகு இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

'பெருந்தொற்று நம் பயிற்சி மருத்துவர்களை என்ன செய்தது?' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. உள்ளே வரும்போது வாசலில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இது கோலாலம்பூர்ல பேச வேண்டிய விஷயமாச்சே? இங்க கொழுந்து எடுக்கிறவங்ககிட்ட வந்து பேசுறீங்களே?" என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. இந்த மலையில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யார் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாலும் முதலில் ஓடுவது அங்கேதான். தாப்பாவுக்கு இறங்க வேண்டுமானால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர், அதுவும் வளைவுக்கு மேல் வளைவு. மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. இப்படிப்பட்ட ஊர்களின் மருத்துவமனைகளுக்கு வருகிற இளம் மருத்துவர்களில் பலர், கீழே ஏதோ ஒரு பெரிய மருத்துவமனையில் 2 ஆண்டு பயிற்சியை முடித்த கையோடு அனுப்பப்படுகிறவர்கள். அங்கே அவர்கள் கற்றது இங்கே நமக்குப் பயன்படுகிறது. அங்கே கற்காமல் விட்டதும் இங்கேதான் தெரியும். அதனால்தான் ஐயா, இதை இங்கே பேசுகிறேன்.

மருத்துவம் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கியவள், அவ்வளவுதான். ஆனால் என் அத்தை மகள் பயிற்சி மருத்துவராக இருந்தவள். இந்த மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா, என் மாமா, தேயிலை ஆலையில் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று முப்பது ஆண்டு வேலை செய்தவர். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து, அத்தையின் நகையை அடகு வைத்து, மகளை இந்தோனேசியாவுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் பேசுகிறேன். பெயரைச் சொல்லக் கூடாது, வேலை பார்த்த மருத்துவமனையையும் சொல்லக் கூடாது என்று கட்டளை. மீற மாட்டேன்.

பாதி ஊழியர், பாதி மாணவர்

பயிற்சி மருத்துவர் என்றால் என்ன? நாம் 'ஹவுஸ்மேன்' என்கிறோமே, அவர்தான். பட்டம் வாங்கியாயிற்று, பெயருக்கு முன்னால் டாக்டர் வந்தாயிற்று, ஆனால் முழுப் பதிவு இன்னும் கிடைக்கவில்லை. முன்பு இந்தப் பயிற்சி ஓராண்டாக இருந்தது. 2008 முதல் 2 ஆண்டாயிற்று. 6 துறைகள், ஒவ்வொன்றிலும் 4 மாதம். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், பொது அறுவை, எலும்பு முறிவு, மகப்பேறு ஆகிய ஐந்தையும் கட்டாயம் செய்ய வேண்டும். ஆறாவதாக அவசரச் சிகிச்சை, மயக்க மருந்து போன்ற துறைகளில் ஒன்று. ஒவ்வொரு துறையிலும் இன்னின்னதை இத்தனை தடவை தன் கையால் செய்தேன், மூத்தவர் பார்த்துக் கையெழுத்திட்டார் என்று பதிவேட்டில் காட்ட வேண்டும். திருப்தி இல்லையென்றால் அதே துறையில் காலம் நீட்டிக்கப்படும்.

கொழுந்து எடுக்கப் புதிதாக வந்தவரைத் தோட்டத்தில் எப்படிப் பழக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பழைய ஆளின் பக்கத்து நிரையில் விட்டார்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று வாயால் சொன்னால் அது விரலுக்கு வராது. பக்கத்தில் போகிறவர் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் வரும். கவ்வாத்து வெட்டுவதும் அப்படித்தான். மருத்துவமும் இந்த வகைத் தொழில் என்பதை நான் வெகு தாமதமாகப் புரிந்துகொண்டேன். வயிற்றை அழுத்திப் பார்க்கும் மூத்த மருத்துவரின் விரல் எங்கே நிற்கிறது, அப்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு தானும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆக, பயிற்சி மருத்துவர் பாதி ஊழியர், பாதி மாணவர். பெருந்தொற்று வந்ததும் நாடு அந்த ஊழியரை முழுமையாக எடுத்துக்கொண்டது, மாணவரை மறந்துவிட்டது. என் பேச்சின் சாரம் இதுதான்.

2020 மார்ச் 18க்குப் பிறகு

என் அத்தை மகள் 2020 ஜனவரியில் பணியில் சேர்ந்தாள். நம் நாட்டின் முதல் கோவிட் தொற்று உறுதியானது அதே ஜனவரி 25ஆம் தேதி. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அந்த நாட்கள் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த மலையில் விளைந்த காய்கறி சந்தைக்குப் போக வழியில்லாமல் டன் கணக்கில் கொட்டப்பட்டதைப் படத்தோடு செய்தியாகப் போட்டோம். அதே வாரங்களில், கீழே மருத்துவமனைகளில் இன்னொன்றும் வீணாகிக்கொண்டிருந்தது. அதற்குப் படம் கிடையாது.

தள்ளிப் போடக்கூடிய அறுவை சிகிச்சைகளை எல்லாம் தள்ளிப் போட்டார்கள். வேறு வழியில்லை, அது சரியான முடிவுதான். ஆனால் அவளுடைய அறுவைத் துறைப் பயிற்சி சரியாக அந்த மாதங்களில் வந்து விழுந்தது. குடலிறக்கம், பித்தப்பை என்று வழக்கமாக வரிசை கட்டி நிற்கும் நோயாளிகள் இல்லை. அறுவைக் கூடத்துக்குள் ஆட்களைக் குறைத்தார்கள். குறைப்பது என்றால் யாரை? கற்க வந்தவரைத்தான். மூச்சுக்குழாய் செருகும் வேலையை மிக அனுபவமுள்ளவரே செய்ய வேண்டும் என்பது அன்றைய நெறிமுறை. கிருமி பரவும் அபாயம் அதிகம் என்பதால் அதுவும் நியாயம். ஆனால் இளையவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

அடுத்து எலும்பு முறிவுத் துறை. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சாலையில் வண்டிகளே ஓடாத காலத்தில் விபத்தும் குறைந்தது. நாட்டுக்கு அது நல்ல செய்தி. முறிந்த எலும்பை இழுத்துச் சேர்த்து மாவுக்கட்டுப் போடப் பழக வேண்டியவளுக்கோ பழகுவதற்கு ஆள் வரவில்லை. கட்டுப்பாடு தளர்ந்து கூட்டம் திரும்பிய நேரத்தில் அவளை மூக்குச் சளி மாதிரி எடுக்க அனுப்பிவிட்டார்கள். "அக்கா, இன்னிக்கு மட்டும் எத்தனை மூக்கு பார்த்தேன் தெரியுமா? எலும்பு டாக்டருக்குப் பதிலா மூக்கு டாக்டர் ஆயிட்டேன்," என்று சிரித்தாள். சிரித்ததால் நானும் சிரித்தேன்.

நோயாளியின் படுக்கையருகே நின்று மூத்தவர் கேள்வி கேட்டு, திட்டி, விளக்கிச் சொல்லித் தருவது சுருங்கிப் போயிற்று. கூட்டம் கூடக் கூடாதே! வாராந்திர வகுப்புகள் ஸூம் வழியாக நடந்தன. இரவுப் பணி முடித்து வந்து கைப்பேசித் திரையைப் பார்த்தபடியே தூங்கிப் போன கதையை அவள் மட்டுமா சொன்னாள்? நிகழ்ச்சிக்காக நான் பேசிய இளம் மருத்துவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அதையே சொன்னார்கள்.

கவச உடையைப் பற்றி ஓரளவு நாம் அறிவோம். அதைப் போட்டுக்கொண்டால் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது. கழற்றும்போதுதான் தொற்றும் அபாயம் அதிகம் என்பதால், களைத்துப்போன உடம்போடு நிதானமாக ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பட்ட பாட்டை இந்த மேடையில் விவரிக்க வேண்டியதில்லை, தாய்மார்களுக்குப் புரியும்.

இதைவிடக் கனமான ஒன்று இருந்தது. உறவினர் உள்ளே வர அனுமதி இல்லை. மூச்சுக்குழாய் செருகுவதற்கு முன் நோயாளி வீட்டாரோடு கடைசியாகப் பேசும் அந்தச் சில நிமிடம், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பெரும்பாலும் தாதியரும் இந்த 25, 26 வயதுப் பிள்ளைகளும்தான். ஓர் இரவு, மலாய் சரளமாக வராத ஒரு தமிழ்ப் பெரியவர். வார்டில் தமிழ் தெரிந்தவள் இவள் ஒருத்தி. "பேரப்பிள்ளையை ஒழுங்காப் படிக்கச் சொல்லு" என்று அவர் சொன்னதைக் கவசத்துக்கு உள்ளிருந்து சத்தம் போட்டு மறுமுனைக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் மாலை அதே எண்ணுக்கு மரணச் செய்தியைச் சொன்னவளும் அவளே. அவளுடைய பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. எத்தனை தடவை செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த இரண்டு ஆண்டில் பெரும்பகுதி மாநில எல்லை தாண்ட முடியாது. 2021 அக்டோபர் 11ஆம் தேதிதான் முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு அந்தத் தடை நீங்கியது. கீழே அவள், மலையில் அத்தையும் மாமாவும். தீபாவளிக்கும் வரவில்லை. வந்தாலும் கிருமியைக் கொண்டுவந்துவிடுவேனோ என்ற பயம் வேறு. அத்தை தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்மா." பேச்சு அதோடு முடியும்.

நான் செய்த தவறு

இப்போது என் பங்குக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் என் நிகழ்ச்சியை ஒவ்வொரு நாளும் எப்படி முடித்தேன் தெரியுமா? "முன்களப் பணியாளர்களுக்கு நம் நன்றி" என்று கைகூப்பி முடித்தேன். மனதார, உண்மையாகத்தான் சொன்னேன். ஆனால் ஒருவரை வீரர் என்று சொல்லிவிட்டால், அவர் களைத்துப்போகக் கூடாது, அழக் கூடாது, எனக்கு இது தெரியாது என்று சொல்லக் கூடாது என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

2021 ஜூலை 26ஆம் தேதி வந்தது. 'ஹர்த்தால் டாக்டர் கொன்ட்ராக்' என்ற பெயரில் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடை அணிந்து, காலை 11 மணி வாக்கில் கோலாலம்பூர், சுங்கை பூலோ உட்படப் பல இடங்களில் மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். இதன் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை அரசு ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தொடங்கியது. 2021 நடுப்பகுதிக்குள் இப்படி எடுக்கப்பட்டவர்கள் 23,000க்கும் மேல். அவர்களில் நிரந்தரப் பணி கிடைத்தவர்கள் 800 பேருக்கும் குறைவு. அப்போது நிரந்தரமானால்தான் நிபுணத்துவப் படிப்புக்கு அரசின் உதவிச் சம்பளமும் படிப்பு விடுப்பும் எட்டும் என்ற நிலை இருந்தது. முதல் அணியினரின் ஒப்பந்தம் அந்த ஆண்டு இறுதியில் முடிய இருந்தது. நாடு அவர்களை வீரர் என்கிறது, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது தெரியாது. போராட்டத்துக்கு மூன்று நாள் முன்பு பிரதமர் முகைதீன் யாசின் ஒப்பந்த நீட்டிப்பை அறிவித்தார். அவர்கள் கேட்டது நீட்டிப்பு அல்ல, நிரந்தரம்.

நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்த காலம் அது. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 26ஆம் தேதி, 24,599 என்ற உச்சத்தைத் தொட்டோம். நான் செய்தியைப் பார்த்ததும் அவளுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "என்னம்மா இது? நோயாளிங்களை விட்டுட்டு வெளிய வந்து நிக்கிற நேரமா இது?" என்றேன். அப்படித்தான் கேட்டேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அக்கா, நான் போகல. என் பேஷண்டைப் பார்த்துக்கச் சொல்லி ஒப்படைக்க வார்டுல ஆளே இல்ல. கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு உள்ளேயே நின்னேன். டிவியில தெனமும் நன்றி சொல்றீங்க. ஒரு நாளாவது நீ என்னடி கத்துக்கிட்டேன்னு கேட்டிருக்கீங்களா?"

அதற்குப் பிறகு நாலு மாதம் அவள் என் அழைப்பை எடுக்கவில்லை.

வெளியே வந்தவர்களும் நோயாளிகளை மூத்தவர்களிடமும் சகாக்களிடமும் ஒப்படைத்துவிட்டே வந்தார்கள், சிறிது நேரத்தில் உள்ளே திரும்பினார்கள் என்பதையும் நான் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். விசாரித்த பிறகு பேசுவதுதானே என் தொழில்? வீட்டுப் பிள்ளை விஷயத்தில் தொழில் மறந்துவிட்டது.

பழைய நோயும் புதிய நோயும்

எல்லாவற்றையும் பெருந்தொற்றின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று மூத்த மருத்துவர் ஐயா சற்று முன் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். ஒப்பந்த முறை அதற்கு முன்பே இருந்தது. நாட்டில் 30க்கும் மேற்பட்ட மருத்துவக் கல்லூரிகள் முளைத்து, ஒரு வார்டில் கற்பிக்க இருப்பவர்களைவிடக் கற்க நிற்பவர்கள் அதிகமாகிப்போன காலமும் முன்பே வந்துவிட்டது. இளையவர்களை எல்லார் முன்னிலையிலும் கேவலமாகப் பேசும் பழக்கமோ அதற்கும் மூத்தது. 2022 ஏப்ரலில் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் காலமான செய்திக்குப் பிறகு இந்தப் பேச்சு நாடெங்கும் எழுந்தது. அன்றைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் பணிச்சூழலை ஆராயத் தனிப் பணிக்குழுவை அமைத்தார். அதே ஆண்டு அதன் அறிக்கையும் வந்தது.

ஐயா இன்னொன்றும் சொன்னார். "எங்கள் காலத்தில் முப்பது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நின்றோம், யாரும் புலம்பவில்லை" என்றார். 2011இல் பணிமுறை நேரம் வருவதற்கு முந்தைய தலைமுறை அவர். அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ஐயா, அந்த முப்பது மணி நேரத்தில் உங்கள் கையில் குழந்தைகள் பிறந்தன, எலும்புகள் சேர்ந்தன, உங்களைத் திட்டிய அதே மூத்தவர் விடியற்காலையில் தேநீர் வாங்கிக் கொடுத்து இன்று என்ன கற்றாய் என்று கேட்டார். நீங்களே ஒளிப்பதிவுக்கு முன் என்னிடம் சொன்னீர்கள். 2021இல் அந்தத் தேநீருக்கு இரண்டு பேர் ஒரே மேசையில் உட்காரக்கூட அனுமதி இல்லை.

நம் நாட்டுச் சுகாதாரப் பணியாளர்களிடையே நடத்தி 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் உடலும் மனமும் எரிந்து தீர்ந்த நிலையில் இருந்தது தெரியவந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நோயாளிகளோடு பழகுவதால் அப்படி ஆனது என்ற கணக்கில் வந்தவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. அதாவது, நோயாளி அவர்களைக் களைக்க வைக்கவில்லை. நோயாளியைச் சுற்றியிருந்த எல்லாமும் களைக்க வைத்தன.

சரி, உதவி கேட்டிருக்கலாமே? சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியாவும் சேர்ந்து 2020லேயே மனநல ஆதரவுத் தொலைபேசி எண்ணைத் திறந்தன. ஆனால் மருத்துவரே மனநல உதவி கேட்டால் 'இவளால் தாக்குப்பிடிக்க முடியாது' என்று பெயர் வந்துவிடுமோ, பயிற்சிக் காலத்தை நீட்டித்துவிடுவார்களோ, ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயம். போதாக்குறைக்கு, தற்கொலைக்கு முயல்வதே குற்றம் என்ற சட்டப் பிரிவு 2023 வரை இந்த நாட்டில் இருந்தது. நாடாளுமன்றம் அதை அந்த ஆண்டுதான் நீக்கியது. இப்போது 15555 என்ற 'ஹீல்' உதவி எண் இருக்கிறது. மருத்துவரும் அழைக்கலாம், மருத்துவரின் அம்மாவும் அழைக்கலாம்.

மற்ற நாடுகளும் தடுமாறின. இத்தாலியில் 2020 மார்ச்சில் தகுதித் தேர்வையே விலக்கி, சுமார் 10,000 புதிய மருத்துவப் பட்டதாரிகளைப் பணிக்கு அழைத்தார்கள். இந்தியாவில் மேற்படிப்புக்கான நீட் தேர்வு 2021 ஜனவரியில் நடந்திருக்க வேண்டியது. தள்ளித் தள்ளிச் செப்டம்பரில் நடந்து, கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. இதனால் மருத்துவமனைகளில் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் ஓர் அணியே இல்லாமல், இருந்தவர்கள் மற்றவர் வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். 2021 டிசம்பரில் டெல்லியில் அவர்கள் வீதிக்கு வந்ததை நம் செய்தியிலும் காட்டினோம். அங்கே ஆள் போதவில்லை. இங்கே ஆள் இருந்தார்கள், அவர்களுக்கு நிலையான இடம் இல்லை.

பின்னர் நிலைமை ஓரளவு மாறியது. 2022 முதல் ஆயிரக்கணக்கில் நிரந்தரப் பணிகள் அறிவிக்கப்பட்டன. ஆனால் அதற்குள் இந்தப் படிப்பின் மேல் இருந்த மோகம் இறங்கிவிட்டது. 2019இல் புதிதாகப் பணியில் சேர்ந்த பயிற்சி மருத்துவர்கள் 6,000க்கும் மேல். 2023இல் 3,300ஐத் தொடவில்லை. முன்பு கூட்டம் அதிகம் என்று கவலைப்பட்டோம், இப்போது ஆள் இல்லை என்று கவலைப்படுகிறோம். பயிற்சி முடித்தவர்களில் சிலரைச் சிங்கப்பூர் நல்ல சம்பளத்தோடு வரவேற்கிறது. போகிறவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த முதல் இரவு

என் அத்தை மகளுக்குத் தனிமைப்படுத்தலில் போன நாட்களையும் சேர்த்து 2 மாதம் கூடுதலாகப் பயிற்சி கொடுத்தார்கள். பலர் அதைத் தண்டனையாக நினைத்தார்கள். அவளுக்கு அது வரமாக அமைந்தது. கூட்டம் குறைந்த அந்த 2 மாதத்தில் ஒரு மூத்த பெண் மருத்துவர் அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

பிறகு சபாவின் உட்பகுதியில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கிட்டத்தட்ட நம் தானா ராத்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிபுணர் இல்லை, பெரிய மருத்துவமனைக்குப் பல மணி நேரப் பயணம். முதல் வாரத்திலேயே ஓர் இரவு, மரத்திலிருந்து விழுந்த பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முன்கை வளைந்து தொங்குகிறது, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்து போயிருக்கின்றன. ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறது, எலும்பை உடனே இழுத்து நேராக்க வேண்டும், இறக்கி அனுப்பும்வரை காத்திருக்க முடியாது. அவள் தன் கையால் அதைச் செய்தது வாழ்க்கையில் மொத்தம் இரண்டே தடவை.

என்ன செய்தாள்? பெரிய மருத்துவமனையின் எலும்பு மருத்துவரை அழைத்து, முதல் வாக்கியமாக, "எனக்கு இதில் பழக்கம் போதாது, நான் கோவிட் காலத்து ஆள், கூடவே இருந்து சொல்லித் தாருங்கள்" என்றாளாம். மறுமுனையில் இருந்தவர் திட்டவில்லை. தொலைபேசியைத் தாதியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல், நான் சொல்லச் சொல்லச் செய் என்றிருக்கிறார். கையை நேராக்கியதும் விரலில் நிறம் திரும்பியது.

அவள் வெட்கப்பட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால்? மறுமுனையில் இருந்தவர், "இரண்டு வருஷம் என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று கத்தியிருந்தால்? எனக்கு இந்த இரண்டு கேள்விகளும் இன்னும் போகவில்லை. அவளோடு பயிற்சி முடித்தவர்கள் ஆயிரக்கணக்கில் நாடெங்கும் இருக்கிறார்கள். நன்றாகத் தேறியவர்கள் நிறைய. தொற்று நோயைக் கையாள்வதில், ஆக்சிஜன் அளவைக் கணிப்பதில், உறவினரிடம் மரணத்தைப் பக்குவமாகச் சொல்வதில் இவர்கள் முந்தைய தலைமுறையைவிடக் கெட்டிக்காரர்கள் என்று மூத்தவர்களே சொல்கிறார்கள். விட்டுப்போனது எங்கே என்று அவர்களுக்கே தெரியும். அதைச் சொன்னால் தண்டிக்காத இடம் வேண்டும், விட்டதைத் திரும்பக் கற்க ஒரு மாதமோ இரண்டு மாதமோ பெரிய மருத்துவமனைக்குப் போய்வர வழி வேண்டும். அமைச்சு நினைத்தால் செய்யக்கூடியதுதான், பெரிய செலவுமில்லை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர், அவருடைய மகன் அடுத்த மாதம் பயிற்சியில் சேர்கிறான் என்று சொல்லி, என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டார். அம்மா, "சாப்பிட்டியா?" என்று கேட்பதை விட்டுவிடாதீர்கள். அதோடு, "இன்னிக்கு யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தா? எதைப் பார்த்துப் பயந்தே?" என்று கேளுங்கள். பதில் வராமல் போகும் நாட்கள் தொடர்ந்தால் பேருந்து ஏறிப் போய்ப் பாருங்கள். டாக்டர் வீட்டுக்கு டாக்டரின் அம்மா போகக் கூடாது என்று சட்டமில்லை. இடையில் நின்றுவிட்டு வந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயத்தை மட்டும் தயவுசெய்து அவன் பையில் வைத்து அனுப்பாதீர்கள். சேமநிதிக் கணக்கைச் சொல்லிக் காட்டுவதும் வேண்டாம். என் மாமா ஒரு தடவை சொல்லிக் காட்டிவிட்டு, இன்றுவரை வருந்துகிறார்.

அவளும் நானும் இப்போது பேசிக்கொள்கிறோம். நாலு மாதம் கழித்து அவளே அழைத்தாள், நான் மன்னிப்புக் கேட்டேன், அவள் அதைக் கேட்காதது போலப் பேச்சை மாற்றிவிட்டாள். வருகிற தீபாவளிக்கு மலைக்கு வருகிறாள். தோட்டத்தில் செய்தி பரவி, முழங்கால் வலி, சர்க்கரை, பேத்திக்குத் தோல் அரிப்பு என்று இப்போதே அத்தையிடம் வரிசைக்குச் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களில் நாலைந்து பேர் இந்த மண்டபத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் அவள் தூங்கட்டும். மூன்றாம் நாள் வாருங்கள்.